பொது ஒளிபரப்புக்கு உங்கள் குடும்பம் செலுத்தும் பணம் தகுமா? கணக்கிட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

பொது நிதியில் இயங்கும் வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களுக்காகக் குடும்பங்கள் செலுத்தும் பணம் தகுமா என்ற விவாதம் பெரும்பாலும் நிகழ்ச்சிகளைப் பற்றிய விருப்பு வெறுப்பில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. செய்தியில் சாய்வு இருக்கிறது என்று கருதுபவர் ஒரு காசும் கொடுக்கக் கூடாது என்கிறார். சிறுவயது முதல் அதைக் கேட்டு வளர்ந்தவர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறார். இருவரும் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவதில்லை. அப்படி உட்கார நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது.

உட்கார்ந்ததும் தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் வீட்டுக் கணக்கு: நம் வீட்டிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு போகிறது, அதற்கு ஈடாக நம் வீட்டார் எதைப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், படிக்கிறார்கள் என்பது. மறுபக்கம் பொதுக் கணக்கு: அப்படி ஒரு நிறுவனம் இருப்பதால் நாட்டுக்கு என்ன கிடைக்கிறது, அது இல்லாமல் போனால் எதை இழப்போம் என்பது. வீட்டுக் கணக்கில் நட்டம் காணும் குடும்பம் பொதுக் கணக்கைப் பார்த்து அந்த நிறுவனம் நீடிக்கட்டும் என்று முடிவு செய்யலாம். வீட்டில் நாள் முழுவதும் அதையே பார்க்கும் குடும்பம், இந்த நிதிமுறை ஏழைகள் மீது அநியாயமாக விழுகிறது என்று முடிவு செய்யவும் கூடும். ஒரு பக்கத்தின் விடையை மறுபக்கத்துக்கும் விடையாக எழுதிவிடுவதே இந்த விவாதத்தில் வழக்கமாக நிகழும் குழப்பம்.

உண்மையில் எவ்வளவு செலுத்துகிறீர்கள்

சில நாடுகளில் இதற்கு விடை கட்டணச் சீட்டிலேயே இருக்கும். பிரிட்டனில் பிபிசிக்கு நிதி தரும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. ஜெர்மனியில் 2021 முதல் வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ, அதாவது ஆண்டுக்கு 220 யூரோவுக்குச் சற்று மேல். சுவிட்சர்லாந்தில் 2021 முதல் ஆண்டுக்கு 335 பிராங்க் என்று நிர்ணயிக்கப்பட்டது. இத்தாலியில் 2016 முதல் இந்தக் கட்டணம் மின்கட்டணத்தோடு சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. பலர் அதைத் தனிச் செலவாகவே உணர்வதில்லை. தென் கொரியாவில் 1981-ல் நிர்ணயிக்கப்பட்ட மாதம் 2,500 வான் என்ற தொகை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கூட்டப்படவில்லை.

வேறு சில நாடுகளில் தொகை வரிக்குள் மறைந்திருக்கும். ஆஸ்திரேலியா உரிமக் கட்டணத்தை 1974-ல் ஒழித்துவிட்டு அரசின் பொது நிதியிலிருந்து கொடுக்கத் தொடங்கியது. பின்லாந்து 2013-லும் சுவீடன் 2019-லும் வருமானத்தை ஒட்டிய, உச்சவரம்பு கொண்ட தனிநபர் வரிமுறைக்கு மாறின. பிரான்ஸ் வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 138 யூரோ என்றிருந்த கட்டணத்தை 2022-ல் நீக்கிவிட்டு, மதிப்புக் கூட்டு வரியின் ஒரு பகுதியை ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. கட்டணம் போய்விட்டது, செலவு போகவில்லை. கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் அதைச் செலுத்துகிறார்கள், எவ்வளவு என்பது மட்டும் இனி அவர்கள் கண்ணில் படாது. இப்படிப்பட்ட நாட்டில் இருப்பவர் அந்த நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் மொத்தத் தொகையை நாட்டின் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாம். கிடைப்பது சராசரிதான். அதிக வரி கட்டும் குடும்பத்தின் பங்கு அதைவிடக் கூடுதலாகவும், குறைவாகக் கட்டும் குடும்பத்தின் பங்கு குறைவாகவும் இருக்கும். ஆயினும் பேச்சைத் தொடங்க அந்த எண் போதும். அமெரிக்காவில் பொது ஒளிபரப்புக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் கொடுத்துவந்த சுமார் 53 கோடி டாலரை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஒன்றரை டாலரைச் சற்றே தாண்டும். 2025 ஜூலையில் அந்த நிதி திரும்பப் பெறப்பட்டபோது நடந்த காரசாரமான விவாதம் இந்தச் சிறிய தொகையைச் சுற்றித்தான்.

தொகையை எழுதும்போது அலகைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் தனியாக வாழும் மாணவரும் ஐந்து பேர் வாழும் வீடும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். சுவீடனில் வருமானம் உள்ள ஒவ்வொரு வயதுவந்தவரும் தனித்தனியே கட்டுகிறார். ஆகவே எந்த நாட்டின் முறையாக இருந்தாலும், நம் வீட்டார் அனைவரும் சேர்ந்து ஓராண்டில் கட்டுவது என்ற ஒரே அலகுக்கு அதை மாற்றிக்கொண்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

விளம்பரத்தையும் இங்கேயே குறித்துவைப்பது நல்லது. பிபிசி பிரிட்டனுக்குள் வழங்கும் சேவைகளில் விளம்பரம் இல்லை. ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனங்களான ஏஆர்டி, இசட்டிஎஃப் ஆகியவற்றின் தொலைக்காட்சிகளில் இரவு எட்டு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வழக்கமான விளம்பரங்களுக்குத் தடை உண்டு. அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ ஆண்டுக்கு 160 யூரோ கட்டணமும் வாங்குகிறது, விளம்பரமும் போடுகிறது. கட்டணமும் விளம்பரமும் சேர்ந்து வரும் இடத்தில் நம் நேரமும் செலவுக் கணக்கில் சேரும். அதே நேர்மையோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ‘இலவச’ வணிகத் தொலைக்காட்சியும் இலவசமல்ல. விளம்பரச் செலவு பொருள்களின் விலையில் ஏதோ ஓர் அளவுக்குச் சேர்கிறது, அந்தத் தொலைக்காட்சியைப் பார்க்காதவரும் அதைக் கொடுக்கிறார். அந்த அளவை எந்தக் குடும்பமும் கணக்கிட முடியாது என்பதால் எண் எழுத வேண்டாம். ஆனால் பூஜ்யம் என்றும் எழுதிவிட வேண்டாம்.

விலகும் வழி இருக்கிறதா

வீட்டுக் கணக்கு முடிவெடுக்க உதவுவது, முடிவெடுக்கும் உரிமை இருக்கும் இடத்தில் மட்டுமே. ஆகவே பயன்பாட்டை அளப்பதற்கு முன்பே, சட்டப்படி விலக முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் எந்த அலைவரிசையாக இருந்தாலும், எந்தக் கருவியில் என்றாலும், நேரலையாக ஒளிபரப்பைப் பார்ப்பவருக்கு உரிமம் தேவை. 2016 செப்டம்பர் முதல் பிபிசியின் இணையக் காட்சித் தளமான ஐபிளேயரைப் பயன்படுத்துபவருக்கும் தேவை. வானொலி கேட்பதற்கோ, மற்ற ஓடிடி தளங்களில் ஏற்கெனவே பதிவான தொடர்களையும் படங்களையும் பார்ப்பதற்கோ தேவையில்லை. இந்த விதியைக் கூர்ந்து படித்தால் ஒரு விஷயம் விளங்கும். அங்கே ஒரு குடும்பத்தின் முன்னால் இருக்கும் தேர்வு ‘பிபிசி வேண்டுமா, வேண்டாமா’ என்பதைவிடப் பெரியது. நேரலைத் தொலைக்காட்சி முழுவதையும், அதாவது வணிக அலைவரிசைகளின் விளையாட்டு, செய்தி நேரலைகளையும் சேர்த்து, கைவிட முடியுமா என்பதே அது. எனவே பிபிசியை மட்டும் எவ்வளவு பார்த்தோம் என்று அளந்து அதை உரிமக் கட்டணத்தோடு ஒப்பிடுவது அந்தக் குடும்பத்தின் உண்மையான தேர்வை அளப்பதாகாது.

ஜெர்மனியில் 2013 வரை கருவி வைத்திருப்பவரிடம் கட்டணம் வாங்கினார்கள். அதன் பிறகு வீடு இருந்தாலே கட்டணம் என்றாகிவிட்டது. யாரிடம் தொலைக்காட்சி இருக்கிறது என்று துருவிப் பார்க்கும் வேலை ஒழிந்தது, விலகும் வழியும் அதோடு ஒழிந்தது. சுவிட்சர்லாந்தில் எந்தக் கருவியும் இல்லாத வீடுகளுக்கு இருந்த விலக்கு 2023-ன் இறுதியில் முடிந்தது. ஜப்பானில் ஒளிபரப்பைப் பெறும் கருவி வைத்திருப்பவர் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேவுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டவிதியை 2017 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு உகந்தது என்று உறுதிசெய்தது.

விலக முடியாத நாட்டில் வாழ்பவருக்கு என் அறிவுரை சற்று விநோதமாகத் தோன்றலாம். கட்டிய பணம் திரும்பி வராது என்பதால், வீட்டுக் கணக்கைக் கோபத்தோடு போடுவதில் பயனில்லை. அங்கே அந்தக் கணக்கால் இரண்டு பயன்கள்தான் உண்டு: ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட ஒன்றை இன்னும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டு, அதையே வழங்கும் தனியார் சந்தா எதையாவது நிறுத்திவிட முடியுமா என்று பார்ப்பது ஒன்று, வாக்களிக்கும்போதும் கருத்துக் கேட்பின்போதும் சொந்த அனுபவத்தை எண்ணோடு சொல்வது மற்றொன்று.

விலக முடியாவிட்டாலும் சலுகை இருக்கக்கூடும். ஜெர்மனியில் குறிப்பிட்ட சமூக உதவித்தொகைகளைப் பெறுவோர் கட்டணத்திலிருந்து முழு விலக்குக் கோரலாம். இரண்டாவது வீட்டுக்கும் அதே நபரிடம் கட்டணம் வாங்குவது செல்லாது என்று 2018 ஜூலை 18 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அதற்கும் விலக்கு உண்டு. பிரிட்டனில் 75 வயதைக் கடந்த அனைவருக்கும் இருந்த இலவச உரிமம் 2020 ஆகஸ்டிலிருந்து, ஓய்வூதியக் கூடுதல் உதவி பெறும் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. பார்வையற்றோருக்குப் பாதிக் கட்டணம் போதும். இவை பெரும்பாலும் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர் முழுத் தொகையையும் கட்டிக்கொண்டுதான் இருப்பார். இந்த ஒரு சோதனையிலேயே சில குடும்பங்களின் வீட்டுக் கணக்கு முடிந்துவிடும்.

பயன்பாட்டைப் பதிவுசெய்தல்

மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பயன்பாட்டையும் குறிக்க வேண்டும். உலகக் கோப்பைப் போட்டியோ பொதுத் தேர்தலோ நடக்கும் வாரங்களைத் தவிர்த்துவிட்டுச் சாதாரண வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். தொலைக்காட்சி மட்டும் போதாது. சமையலறையில் ஒலிக்கும் வானொலி, பயணத்தில் கேட்கும் பாட்காஸ்ட், கைபேசியில் படிக்கும் அதே நிறுவனத்தின் செய்தித் தளம், பிள்ளைகள் பார்க்கும் சிறுவர் நிகழ்ச்சி, பாடத்துக்காகத் திறக்கும் கல்விப் பக்கங்கள் எல்லாம் அந்தப் பணத்தில்தான் இயங்குகின்றன. குடும்பத் தலைவர் தம் நினைவிலிருந்து எழுதும் பட்டியலில் பிள்ளைகளின் நேரமும் முதியவர்களின் வானொலி நேரமும்தான் முதலில் விடுபட்டுப்போகும். அவரவரே எழுதுவது நல்லது.

நேரத்தோடு இன்னும் இரண்டு செய்திகளைக் குறிக்க வேண்டும். முழுக் கவனத்தோடு பார்த்தார்களா, பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததா என்பது ஒன்று. வானொலி பயன்பாட்டு நேரத்தை ஏராளமாக ஊதிப் பெருக்கிக் காட்டும் என்பதால் இந்தக் குறிப்பு அவசியம். மற்றது, அதே பயன் வேறிடத்தில் கிடைக்குமா என்பது. இதற்கு மூன்று விடைகள் போதும்: செலவின்றிக் கிடைக்கும், பணம் கொடுத்தால் கிடைக்கும், கிடைக்கவே கிடைக்காது. வெளிநாட்டுத் துப்பறியும் தொடர் முதல் இரண்டில் ஒன்றில் விழும். சிறுபான்மை மொழி ஒன்றில் வரும் நாள்தோறும் செய்தி, மாவட்ட அளவிலான விசாரணைச் செய்தி, விளம்பரம் கலக்காத சிறுவர் நிகழ்ச்சி ஆகியவை பெரும்பாலும் மூன்றாவதில் விழும். இந்தப் பயிற்சி முழுவதிலும் அதிக மதிப்புள்ளது இந்த மூன்றாவது விடையே. பின்னர் பொதுக் கணக்குக்குப் போகும்போதும் அது கைகொடுக்கும்.

இனி வகுத்தல். நான்கு பேர் கொண்ட ஒரு வீட்டில் எல்லோருடைய நேரமும் சேர்ந்து வாரத்துக்கு 20 மணி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,040 மணி, 2025-ன் கட்டணமான 174.50 பவுண்டை அதனால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 17 பென்ஸ். தனியாக வாழும் ஒருவர் வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டுமே பயன்படுத்தினால் 156 மணி; மணிக்கு 1 பவுண்டு 12 பென்ஸ் ஆகிவிடும். ஒரே கட்டணம், ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ‘நாளுக்கு இத்தனை காசுதான்’ என்று நிறுவனங்கள் செய்யும் பிரசாரம் சராசரிக் குடும்பத்தை மனத்தில் வைத்தது. தனியாள் குடும்பங்கள் கூடிவரும் காலத்தில் அந்தச் சராசரி யாருடைய வீட்டுக்கும் அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

மணிக்கணக்கில் விலை மலிவாக வந்தாலும் அதில் அதிகமாக மயங்க வேண்டாம் என்பது என் கருத்து. பார்க்கும் நேரத்தைப் பெருக்குவதுதான் குறிக்கோள் என்றால் வணிக நிறுவனங்களே அதைத் திறமையாகச் செய்கின்றன. அதற்காகப் பொதுப் பணம் தேவையில்லை. வாரம் இருபது நிமிடமே கேட்கும் ஒரு செய்தி அறிக்கை, ஐந்து மணி நேர வினாடிவினா நிகழ்ச்சியைவிடக் குடும்பத்துக்குப் பயன்பட்டிருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

இல்லாமல் இருந்து பார்த்தல்

பழகிப்போன ஒன்றின் மதிப்பு அது இருக்கும்போது தெரிவதில்லை என்பதைச் சோதிக்க 2015-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. 70 குடும்பங்கள் ஒன்பது நாள்களுக்கு பிபிசியின் தொலைக்காட்சி, வானொலி, இணையம் எதையும் தொடாமல் இருந்தன. அந்த ஒன்பது நாள் உரிமக் கட்டணமான 3.60 பவுண்டு அவர்கள் கையில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கட்டணமே வேண்டாம் அல்லது குறைக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்ன 48 குடும்பங்களில் 33 குடும்பங்கள், முடிவில் முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்று மனம் மாறின. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பிபிசிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒன்பது நாள் என்பது மாற்று வழக்கம் உருவாகப் போதாத காலம் என்ற குறையும் அதில் உண்டு: பழக்கம் அறுந்த எரிச்சலும் உண்மையான இழப்பும் அந்தக் காலத்துக்குள் ஒன்றுபோலவே தோன்றும்.

இந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம், சற்று நீட்டித்துச் செய்தால் இன்னும் நல்லது. ஒரு மாதம் அந்த நிறுவனத்தின் எதையும் பயன்படுத்தாமல் இருங்கள். அந்த மாதத்தின் கட்டணத்தைத் தனியே எடுத்துவைத்து, இடைவெளியை நிரப்ப வேறெதற்குச் செலவிடுகிறீர்கள் என்று பாருங்கள். முதல் வாரத்து முணுமுணுப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நான்காவது வாரத்திலும் யாராவது எதையாவது தேடினால் அது என்ன என்று எழுதிவையுங்கள். ஒன்றும் தேடப்படவில்லை என்றால் அதுவும் மதிப்பான விடையே. விலகும் உரிமையுள்ள நாட்டில் அந்தக் குடும்பம் சட்டப்படி விலகிவிடலாம். முறைப்படி அறிவிக்காமல் கட்டணத்தை மட்டும் நிறுத்திவிடுவது விலகுவது ஆகாது. பிரிட்டனில் உரிமமின்றி நேரலை பார்ப்பது 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம்.

பார்க்காதவருக்கும் கிடைப்பவை

இனி மறுபக்கம். ஒளிபரப்பு, தெருவிளக்கைப் போன்றது: ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்கு வெளிச்சம் குறைவதில்லை, பணம் கொடுக்காதவரை அந்த வெளிச்சத்திலிருந்து விலக்கிவைப்பதும் நெடுங்காலம் முடியாததாக இருந்தது. அந்த இரண்டாவது தன்மை இன்று மாறிவிட்டது. கடவுச்சொல்லும் சந்தாவும் கொண்டு யாரையும் வெளியே நிறுத்த முடியும். ஆகவே ‘வேறு வழியே இல்லாததால் எல்லோரும் கட்ட வேண்டும்’ என்ற பழைய வாதம் வலுவிழந்துவிட்டது என்பதை ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதலாவது தன்மை அப்படியே நிற்கிறது. ஏற்கெனவே தயாரான ஒரு நிகழ்ச்சியை இன்னொரு குடும்பம் பார்ப்பதால் கூடுதல் செலவு மிகச் சொற்பம் என்பதால், சந்தா வைத்து மக்களை வெளியே நிறுத்துவதில் சமூகத்துக்கு இழப்பு உண்டு.

இதைத் தாண்டி, பார்க்காதவருக்கும் சேரும் பயன்கள் இருக்கின்றன. உள்ளாட்சியின் ஒப்பந்த முறைகேட்டை ஒரு வானொலி நிருபர் வெளிக்கொண்டுவந்தால், அந்த நிகழ்ச்சியைக் கேட்காத வரி செலுத்துநருக்கும் பணம் மிச்சம். அண்டை வீட்டார் சரியான தகவலோடு வாக்களித்தால் நமக்கும் நன்மை. ஜப்பானில் நிலநடுக்கம் ஏற்பட்டால் என்எச்கே உடனே வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்தி எச்சரிக்கைக்கு மாறுவது, ஆண்டு முழுவதும் அதை ஒருமுறைகூடத் திறக்காதவருக்கும் அந்த ஒரு நாளில் உயிர்காக்கும் ஏற்பாடு. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் மொழிப் பகுதியில் வசூலாகும் கட்டணத்தின் ஒரு பகுதி பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் மொழிச் சேவைகளுக்குப் போகிறது. சந்தையிடம் விட்டிருந்தால் சில பல்லாயிரம் பேர் மட்டும் பேசும் ரோமான்ஷ் மொழிக்குத் தொலைக்காட்சி இருந்திருக்காது. கட்டணத்தை அடியோடு ஒழிக்கும் முன்மொழிவு அங்கே 2018 மார்ச் 4 அன்று பொது வாக்கெடுப்புக்கு வந்தபோது 71.6 சதவீதத்தினர் வேண்டாம் என்று நிராகரித்தார்கள். அப்படி வாக்களித்தவர்களில் தம் பார்வை நேரத்தை மட்டும் எண்ணிப் பார்த்தவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது.

பொதுக் கணக்குப் போடும் வழி இதுதான்: பதிவேட்டில் ‘வேறிடத்தில் கிடைக்காது’ என்று குறித்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், நம் வீட்டுக்குத் தேவைப்படாமல் மற்றவர்களுக்குத் தேவைப்படும் அத்தகைய சேவைகளையும் அதோடு சேருங்கள், பிறகு அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, மொத்தச் செலவில் எத்தனை பங்கு இவற்றுக்குப் போகிறது என்று பாருங்கள். பெரும்பகுதி இவற்றுக்கே போகிறது என்றால் நிறுவனத்தின் வாதம் வலுவானது. பெரும்பகுதி, தனியாரும் போட்டியிட்டு வாங்கும் விளையாட்டு உரிமைகளுக்கும் நட்சத்திரங்களின் ஊதியத்துக்கும் போகிறது என்றால், ‘நிறுவனம் வேண்டும், இத்தனை தொகை வேண்டாம்’ என்ற நிலைப்பாட்டுக்கு இடமுண்டு. எல்லோரும் பார்க்கும் நிகழ்ச்சி சில இல்லாவிட்டால் எல்லோரிடமும் கட்டணம் கேட்கும் தகுதியே போய்விடும் என்பது நிறுவனங்களின் பதில். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எவ்வளவுக்கு எவ்வளவு என்ற கேள்வியை அது மூடிவிடாது.

சுமை யார் தோளில்

எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணம் என்பது வருமானம் குறைந்த வீட்டை அதிகமாக அழுத்தும். இதற்குத் தனியே ஆய்வு தேவையில்லை. பிரிட்டனில் உரிமம் இல்லாததற்காக வழக்குக்கு உள்ளானவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பது பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டப்பட்டு வருகிறது. அதிகாரி வந்து கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் யார் என்பதும் அதற்கு ஒரு காரணம். வசூலிக்கும் முறையிலேயே இப்படி ஒரு சாய்வு ஒட்டிக்கொண்டிருந்தால், நிகழ்ச்சிகளின் தரம் அதை ஈடுசெய்யாது. வருமானத்தை ஒட்டிய வரி இந்தக் குறையைத் தீர்க்கும், மின்கட்டணத்தோடு சேர்ப்பது ஏய்ப்பைக் குறைக்கும். ஆனால் இரண்டும் வேறொரு இடத்தில் விலை கேட்கின்றன, அதுதான் அடுத்து வருவது.

தொகையை நிர்ணயிப்பவர் யார்

ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் அரசிடம் கைநீட்டி வாங்கும் நிறுவனம், அந்த அரசைப் பற்றிய செய்தியை எந்தத் துணிச்சலோடு வெளியிடும் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் எந்தக் கணக்கும் நிறைவடையாது. ஆஸ்திரேலியாவில் 2013 தேர்தலுக்கு முந்தைய நாள், அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியின் நிதியில் வெட்டு இருக்காது என்று பிரதமராகப் போட்டியிட்டவர் வாக்குறுதி அளித்தார். அவர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே வெட்டு வந்தது. கிரேக்க அரசு 2013 ஜூன் 11 அன்று தன் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஈஆர்டியை ஒரே நாளில் மூடியது. அது அதே பெயரில் மீண்டும் ஒளிபரப்பைத் தொடங்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனிக் கட்டணம் இருந்தால் மட்டும் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. பிரிட்டன் அரசு 2022 முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணத்தை 159 பவுண்டிலேயே நிறுத்திவைத்தது. விலைவாசி வேகமாக ஏறிய காலம் அது என்பதால் கட்டணத்தைக் குறைத்ததற்கு ஒப்பானது அந்த முடிவு. தென் கொரியாவின் மாறாத 2,500 வானும் அதே வகைதான். 2023-ல் அங்கே மின்கட்டணத்திலிருந்து இந்தக் கட்டணத்தைப் பிரித்ததை, நிறுவனத்தின் மீது அரசு செலுத்தும் அழுத்தமாகவே எதிர்க்கட்சிகள் பார்த்தன.

ஜெர்மனியின் ஏற்பாடு இவற்றிலிருந்து வேறுபட்டது. ஒளிபரப்பாளர்களின் தேவையை ஒரு சுதந்திரமான ஆணையம் கணக்கிட்டுப் பரிந்துரைக்கிறது. மாநிலங்கள் அனைத்தும் அதை ஏற்க வேண்டும். 2020-ன் இறுதியில் சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒரே மாநிலம் மறுத்ததால் உயர்வு தடைப்பட்டபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் 2021-ல் தலையிட்டு 18.36 யூரோவை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரசியலிடமிருந்து பாதுகாப்பு என்று ஒருவர் இதைப் பாராட்டுவார்; மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வேண்டாம் என்றும் கட்டணம் ஏறியது என்று இன்னொருவர் குறைகூறுவார். இரண்டும் உண்மை. எனக்கு முதலாவதே கனமாகத் தெரிகிறது.

உங்கள் நாட்டு நிறுவனத்தைச் சோதிக்க நான்கு கேள்விகள் போதும். நிதி எத்தனை ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதி செய்யப்படுகிறது? தலைமையை நியமிப்பவர் யார், இடையில் நீக்க முடியுமா? கடந்த தேர்தலின்போது ஆளும் கட்சியைச் சங்கடப்படுத்தும் செய்தி ஒன்றையாவது அது முதலில் வெளியிட்டதா? கணக்குகள் பொதுமக்கள் படிக்கும்படி வெளியாகின்றனவா? ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடகச் சுதந்திரச் சட்டம் 2025 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வெளிப்படையான நியமனம், போதுமானதும் முன்கணிக்கத்தக்கதுமான நிதி ஆகியவற்றை அது பொது ஒளிபரப்புக்குக் கட்டாயமாக்குகிறது. ஆகவே அந்நாடுகளில் இருப்பவர்கள் இந்தக் கேள்விகளை உரிமையோடு கேட்கலாம். கணக்கு வெளிப்படையாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து உதாரணம்: ஆர்டிஇ தன் முன்னணி அறிவிப்பாளருக்குக் கொடுத்த பணத்தைக் குறைத்துக் காட்டியது 2023 ஜூனில் வெளியானதும், ஏராளமான குடும்பங்கள் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்திவிட்டன.

முதல் மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைக்காத நிறுவனம் வெறும் அரசு ஒளிபரப்பு. அதற்கு மணிக்கு ஒரு காசு வந்தாலும் அதிகம் என்றே நான் சொல்வேன். ஆளுபவர் தம் புகழைத் தாமே பாடிக்கொள்ள ஆளப்படுபவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? நல்ல விடை கிடைக்கும் இடத்தில், வீட்டுக் கணக்கில் சிறிது நட்டம் வந்தாலும் கட்டுவதை நான் பெரிதாகக் குறைகூற மாட்டேன்.

கணக்கை என்ன செய்வது

தாளின் இரு பக்கங்களும் நிரம்பிய பிறகு முடிவு பொதுவாக மூன்று வகையில் ஒன்றாக அமையும். இரண்டு பக்கமும் தகும் என்றால் தொடர்ந்து கட்டுங்கள், சலுகைத் தகுதியை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள். வீட்டுப் பக்கம் தகாது, விலகும் வழி உண்டு என்றால், விலகுவதில் எந்தக் குற்ற உணர்வும் தேவையில்லை; பொதுப் பக்கத்தை வரிமுறையால் தாங்கலாம் என்று அதே நேரத்தில் வாதிடவும் தடையில்லை. பொதுப் பக்கம் தகாது என்றால் உங்கள் பயன்பாடு எவ்வளவாக இருந்தாலும் அதைக் குரலாக்கும் இடம் வாக்குச்சாவடியும் கருத்துக் கேட்பும்தான்.

கருத்துக் கேட்புகள் அடிக்கடி வருவதில்லை. பிபிசி இயங்குவதற்கு அடிப்படையான தற்போதைய அரச சாசனம் 2027-ன் இறுதியில் முடிவதால், அடுத்த நிதிமுறை அதற்குள் முடிவாக வேண்டும். மற்ற நாடுகளிலும் கட்டணக் காலம் முடியும்போது இத்தகைய வாய்ப்பு வரும். அப்போது எழுதும் கடிதத்தில் ‘நிகழ்ச்சிகள் தரமாக இல்லை’ என்பதையோ ‘நம் பண்பாட்டின் தூண்’ என்பதையோ தவிர்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர், ஆண்டுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள், வேறெங்கும் கிடைக்காதது என்று குறித்தவை எவை, எவற்றைத் தனியாரிடமே விட்டுவிடலாம் என்று கருதுகிறீர்கள், கட்டணமா வரியா எது உங்கள் வருமானத்துக்குப் பொருந்தும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வீட்டில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும், கட்டணமோ நிதிமுறையோ மாறினாலும், பதிவேட்டை மீண்டும் மூன்று வாரங்களுக்குத் திறந்து அந்தக் கடிதத்தின் எண்களைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.